நிழல் குட்டையாகும் நேரம்

ஜூலை 4

அக்கா,

பதினோரு தடவை போன் பண்ணிவிட்டேன். பன்னிரண்டாவது தடவை அத்தான் எடுத்து, "அவ குளிச்சுட்டு இருக்காப்பா" என்றார். காலை ஆறு மணிக்கும் குளிக்கிறாய், மதியம் இரண்டு மணிக்கும் குளிக்கிறாய், ராத்திரி ஒன்பது மணிக்கும் குளிக்கிறாய். நீ என்ன மீனா? அத்தானுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. அந்த மனுஷனைப் பாடாய்ப் படுத்தாதே.

அதனால் கடிதம். தபால்தலை எங்கே விற்கிறார்கள் என்பதையே நான்கு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் லீவுக்கு வந்தபோது, "என் மூணாங்கிளாஸ் அறிவியல் பீரியட வந்து பாருடா" என்று கூப்பிட்டது நீ. நானாக வரவில்லை. கடைசி பெஞ்சில், முழங்கால் முட்ட முட்ட உட்கார்ந்தேன். நீ தட்டில் மெழுகுவர்த்தியை நிறுத்தி, கலர் தண்ணீர் ஊற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தாய். மெழுகுவர்த்தி அணைந்தது. தண்ணீர் டம்ளருக்குள் ஏறியது. பிள்ளைகள் "ஓ"வென்று கத்தினார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நீ சொன்னாய்: "காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன். மெழுகுவர்த்தி அதைத் தின்னுடுச்சு. அந்த எடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு."

அது தப்பு. நான் எழுந்து, "தப்பு" என்றேன். ஒரு வார்த்தைதான் சொன்னேன். நீ திரும்பி, "என்ன தப்பு?" என்று கேட்டதால்தான் விளக்கினேன். சுவாலை டம்ளருக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது, அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எரியும்போது ஆக்சிஜன் செலவாவது நிஜம், ஆனால் அதற்குப் பதிலாகக் கரியமில வாயு வருகிறது. இதில் எந்த வாக்கியம் பொய்?

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். நாள் முழுக்க அடுத்தவர்களுடைய தெர்மாமீட்டரையும் தராசையும் சோதித்து, சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், தப்பென்றால் சிவப்பு ஸ்டிக்கர். தப்பான கருவிக்குச் சிவப்பு ஒட்டினால் எந்தத் தராசும் என்னிடம் கோபித்துக்கொண்டு குளிக்கப் போவதில்லை.

பதில் எழுது.

தம்பி

*

ஜூலை 10

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இனிமேலும் கடிதமே எழுது. போனில் நான் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் நீ மூன்று சொல்லிவிடுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக உன்னிடம் முழுசாகப் பேசப் போகிறேன். அதுவே சுகமாக இருக்கிறது.

நீ சொன்னது சரி. உன் கடிதம் வருவதற்கு முன்பே இரண்டு புத்தகம் பார்த்துவிட்டேன். ஆசிரியர் பயிற்சியில் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், ஒன்பது வருஷமாக நானும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். ஒன்பது வருஷத்துப் பிள்ளைகளை இப்போது எங்கே போய்த் தேடுவேன்? அது என் கவலை, நீ விடு.

ஆனால் நீ ஊருக்குப் போன பிறகு என்ன நடந்தது என்று ஒரு தடவையாவது கேட்டாயா?

மறுநாள் இலையின் நரம்பைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள், எதைச் சொன்னாலும் எதிர்வாதம் செய்வாள், குட்டி வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். அவள் கை தூக்கி, "டீச்சர், இது நிஜமா, இல்ல தப்பு மாமாகிட்டக் கேக்கணுமா?" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆமாம், உனக்கு இங்கே பெயர் தப்பு மாமா. நானும் சிரித்துவைத்தேன். மூன்றாம் நாள் கூட்டல் கணக்குக்கும் அதே கேள்வி வந்தது.

அடுத்த வாரம் ஒரு தகப்பனார் எச்.எம். அறைக்கே வந்துவிட்டார். "டீச்சருக்கே தெரியலையாமே, அப்புறம் எதுக்கு மெழுகுவத்தி, தண்ணின்னு? நாலு வரி அழகா எழுதச் சொல்லிக் குடுத்தா போதாதா?" எச்.எம். இதற்காகவே காத்திருந்தாற்போல என்னைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கையெழுத்துப் பயிற்சிக்கு மாற்றப் போகிறாராம். அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தை வாங்க நான் இரண்டு வருஷம் அவர் கதவைத் தட்டினேன். அந்த ஒரு பீரியடில்தான் என் பிள்ளைகள் பார்த்து எழுதாமல், பார்த்துப் பேசுகிறார்கள்.

கெஞ்சிக் கூத்தாடி அவகாசம் வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் 21ஆம் தேதி வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். அன்றைக்குத் திருப்தி இல்லையென்றால் பீரியட் போச்சு.

தராசுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறாய், சரி. அதே தராசை மறுநாளும் சந்தையில் வைத்து வியாபாரம் பண்ண வேண்டியவள் நான்.

அக்கா

*

ஜூலை 14

அக்கா,

பீரியட் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வகுப்பு முடிந்த பிறகு சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருந்திருக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முடிந்த பிறகு, வராந்தாவில், மெதுவாகச் சொல்லியிருப்பேன். இதற்கு மேல் எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. இதை இரண்டு தடவை படித்துக்கொள்.

வருத்தப்படுவதை விட்டு வேலையைப் பார்ப்போம். இரண்டு சோதனை அனுப்புகிறேன். என் மேசையில் செய்து பார்த்தே முதலாவதை எழுதியிருக்கிறேன்.

முதலாவது, அதே மெழுகுவர்த்தி. ஆனால் அதே டம்ளருக்குள் முதலில் ஒரு மெழுகுவர்த்தி, பிறகு மூன்று. நீதான் ஏற்ற வேண்டும், பிள்ளைகள் கையில் தீப்பெட்டி கொடுக்காதே. இரண்டு தடவையும் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று டம்ளரில் கோடு போடச் சொல். ஒரே டம்ளர், ஒரே காற்று, அதற்குள் ஒரே அளவு ஆக்சிஜன். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணமென்றால் இரண்டு கோடும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இருக்காது. நீ ஒன்றும் சொல்லாதே, கோடுகளே பேசட்டும்.

இரண்டாவது, வெயில் நிழல். இதற்கு மைதானம் போதும். எங்கள் ஆய்வகத்தில் எழுதுகிற மாதிரியே தனித்தாளில் எழுதியிருக்கிறேன், சுவரில் ஒட்டிக்கொள்:

கருவி: குச்சி ஒன்று, 50 செ.மீ. செங்குத்து, சாய்வு அரை டிகிரிக்குள். சாக்பீஸ், அளவுகோல், கடிகாரம்.
செய்முறை: காலை 11:30 முதல் 1:00 வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்து நீளத்தை அளக்கவும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.
கண்டுபிடிக்க வேண்டியது: நிழல் மிகவும் குட்டையாக இருக்கும் நேரம்.
எதிர்பார்க்கும் விடை: 12:00

எங்கள் தாளில் 'எதிர்பார்க்கும் விடை' என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அப்போதுதான் அளந்தது சரியா தப்பா என்று உடனே தெரியும். உனக்கும் வசதி. எச்.எம். வரும் அன்றைக்கு இதையே செய்து காட்டு.

தம்பி

*

ஜூலை 24

தம்பிக்கு,

இரண்டு தடவை படித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை அத்தான் சத்தமாகப் படித்துக் காட்டினார். "அடேயப்பா, உன் தம்பி வராந்தா வரைக்கும் எறங்கி வந்துட்டான்" என்றார்.

மெழுகுவர்த்தியை முதலில் சொல்கிறேன். சோதனைக்கு முன்னால் நான் வகுப்பில் நின்று, "போன தடவை டீச்சர் சொன்ன காரணம் தப்பு. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க, நான் சோதிச்சுப் பாக்காமலே உங்களுக்குச் சொல்லிட்டேன்" என்றேன். இந்த மூன்று வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன், தெரியுமா? சொல்லி முடித்தேன். அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தன், "பரவால்ல டீச்சர், எனக்கும் நேத்து ஏழாம் வாய்ப்பாடு தப்பாயிடுச்சு" என்றான். அவ்வளவுதான். நான் பயந்த மாதிரி கூரை இடிந்து விழவில்லை.

மூன்று மெழுகுவர்த்திக்குத் தண்ணீர் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏறியது. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழி வந்ததை நான் ஒன்பது வருஷத்தில் கவனித்ததில்லை. வகுப்பில் ஒரு கொத்தனார் மகள் இருக்கிறாள், அவள் கவனித்தாள். "டீச்சர், டம்ளர் ஏப்பம் விடுது!" என்றாள். எது வெளியே வருகிறது என்று கேட்டேன். "காத்துதான். உள்ள சுடுதுல்ல, அது தாங்காம ஓடி வருது" என்றாள். நீ அன்றைக்கு நின்று பிரசங்கம் செய்ததை அவள் ஒரு ஏப்பத்தில் முடித்துவிட்டாள்.

அடுத்து நிழல். உன் தாளைச் சுவரில் ஒட்டினோம். அரை டிகிரிச் சாய்வை எட்டு வயசுப் பிள்ளை எதால் அளப்பாள் என்று நீ எழுதவில்லை. கண்ணால் பார்த்து நேராக நட்டோம். மதிய உணவு நேரத்தையும் சேர்த்துக்கொண்டு அளந்தோம், ஆளுக்கு ஐந்து நிமிஷம் முறைவைத்து.

12:00க்கு நிழல் மிகக் குட்டையாக இல்லை. 12:05க்கு இன்னும் குறைந்தது. 12:10க்கு இன்னும். 12:20க்கும் 12:25க்கும் ஒரே அளவு, அதுதான் எல்லாவற்றிலும் குட்டை. அதன்பிறகு வளர ஆரம்பித்தது.

உன் தாளில் 12:00 என்று இருக்கிறது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், நான் தாளைப் பார்த்தேன். என்ன சொல்லட்டும்?

அக்கா

*

ஜூலை 28

அக்கா,

12:20 வராது. எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறீர்கள்.

காரணங்கள்: குச்சி சாய்ந்திருக்கும். கண்ணால் பார்த்து நட்டதாக நீயே எழுதியிருக்கிறாய், அதற்குமேல் நான் என்ன சொல்ல? தரை சமமாக இருந்திருக்காது. கடிகாரம் வேகமாக ஓடியிருக்கும், பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தை யார் சரிபார்க்கிறார்கள்? அதோடு நடு மதியத்தில் நிழலின் நீளம் மிக மெதுவாக மாறும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சாக்பீஸ் புள்ளியில் பார்ப்பது பிள்ளைகளால் ஆகிற காரியமில்லை.

உச்சிவெயில் என்றால் பன்னிரண்டு மணி. இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

திரும்பச் செய்யுங்கள், இந்தத் தடவை ஒழுங்காக.

தம்பி

*

ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். 'பிள்ளைகளால் ஆகிற காரியமில்லை' என்ற வரியையும் விடவில்லை. செய்திருக்கக் கூடாதுதான். ஆனால் முப்பத்தொரு பேரும் உன்மேல் வஞ்சம் வைத்துவிட்டார்கள், அது வேலைக்கு நல்லதாகப் போயிற்று.

கொத்தனார் மகள் மறுநாள் அப்பாவின் தூக்குகுண்டையும் ரசமட்டத்தையும் பையில் தூக்கிக்கொண்டு வந்தாள். "எங்கப்பா மூணு மாடி கட்டுறதே இத வச்சுத்தான். குச்சி நட முடியாதா?" என்றாள். தரை சமமா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். தூக்குகுண்டைத் தொங்கவிட்டு, அதன் நூலோடு குச்சியை இரண்டு பக்கமும் ஒட்டவைத்துப் பார்த்தோம். கடிகாரத்தை ரேடியோவின் மணியோசைக்கு வைத்தோம்.

திங்கள்: 12:20. செவ்வாய்: 12:25. வியாழன்: 12:20க்கும் 12:25க்கும் ஒரே அளவு. புதன் மேகம்.

குட்டி வக்கீல் எழுந்து என்ன சொன்னாள் தெரியுமா? அப்படியே எழுதுகிறேன். "டீச்சர், நாம தப்பா அளந்திருந்தா ஒரு நாள் முன்னாடி வரணும், ஒரு நாள் பின்னாடி வரணும். எல்லா நாளும் பின்னாடியே வருது. குச்சியும் நேரா இருக்கு. அப்ப மாமாதான் அளக்கவே இல்ல." நான் அவளை உட்காரச் சொன்னேன். ஆனால் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், நீ அளந்தாயா?

இது விளையாட்டில்லை, அதற்குக் காரணமும் சொல்கிறேன். நேற்று எச்.எம். அந்தப் பக்கம் வந்தவர் சுவரில் உன் தாளைப் படித்தார். பக்கத்தில் பிள்ளைகளின் அட்டவணையையும் படித்தார். "இன்ஜினியர் தம்பி 12:00ன்னு எழுதியிருக்கார், நாலு நாள் வெயில்ல நின்னு இருவது நிமிஷம் தப்பா கண்டுபிடிச்சிருக்கீங்க. இதுக்கா ஒரு பீரியட்?" என்றார். நான், "பிள்ளைங்க அளந்தது சரின்னு நினைக்கிறேன் மேடம்" என்றேன். "எதை வச்சுச் சொல்றீங்க?" என்றார். எதை வைத்துச் சொல்வேன்? எனக்கு நிழல் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. மெழுகுவர்த்தியில் காரணம் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு வாயைக் கொடுத்த அனுபவம் வேறு இருக்கிறது.

21ஆம் தேதிக்குப் பதினாறு நாள்தான் இருக்கிறது. ஒன்று, எங்கள் தப்பு எது என்று கண்டுபிடித்துச் சொல். இல்லை, உன் தாளைத் திருத்து.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அக்கா,

அளக்கவில்லை.

நீ எழுதிய வியாழக்கிழமை அளவு வரை படித்ததும் முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்தக் குட்டி வக்கீல் சொன்னதுதான் முள்ளாகத் தைத்தது, ஏனென்றால் எங்கள் பயிற்சியில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்: பிழை இரண்டு பக்கமும் சிதறினால் கை நடுக்கம், ஒரே பக்கமாக வந்தால் வேறு ஏதோ காரணம் இருக்கிறது, தேடு. எட்டு வயசுக்காரிக்குத் தெரிந்தது எனக்கு மறந்துவிட்டது.

நேற்று லீவு போட்டேன். ஆய்வக மொட்டைமாடியில் எஃகுக் கம்பியை நிறுத்தி உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் மேலே வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, கம்பியைக் காயப்போட்டிருக்கியா? நனைஞ்சிடுச்சா?" என்றார். லீவு நாளில் ஆய்வகத்துக்கு வந்தவன் என்று என்னை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மூன்று மணி நேரம் வெயிலில் இருந்தேன். மூக்கு உரிந்துவிட்டது.

என் கம்பியின் நிழல் குட்டையான நேரம் 12:09. பன்னிரண்டு இல்லை. உங்களுடைய 12:20ம் இல்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

கடிகாரம் நாட்டுக்கே ஒன்று. சூரியன் ஊருக்கு ஊர். பூமி சுற்றுவதால் வெயில் கிழக்கே இருக்கிற ஊருக்கு முதலில் உச்சிக்கு வரும், மேற்கே இருக்கிற ஊருக்குப் பிறகு. ரயிலில் ஏறினால் உன் ஊர் எனக்கு மேற்கே ஒரு ராத்திரித் தூரம். வெயில் என்னைத் தாண்டித்தான் உன்னிடம் வரவேண்டும். ஊருக்கு ஊர் கடிகாரத்தை மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மணி வைத்திருக்கிறார்கள். அந்தப் பொது மணி நம் இருவருக்கும் கிழக்கே இருக்கிற ஓர் ஊரின் வெயிலுக்குப் பொருந்தும். (இன்னொரு சின்னக் காரணமும் சேர்ந்திருக்கிறது, பூமியின் பாதை சம்பந்தப்பட்டது. அதனால் மாதத்துக்கு மாதம் சில நிமிஷம் முன்பின் ஆகும். மூன்றாம் வகுப்புக்கு அது வேண்டாம்.)

இது நான் கல்லூரியில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். தாள் எழுதும்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தது, 12:00 என்று போட்டுவிட்டேன். அளக்காமல் கட்டத்தை நிரப்புகிறவனை எங்கள் வேலையில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அந்தத் தாளைக் கிழிக்காதே. இதற்குள் வைத்திருக்கும் சின்னக் கடிதத்தை அதன் பக்கத்திலேயே ஒட்டு. வகுப்பில் எல்லோர் முன்னாலும் படி. வராந்தாவில் அல்ல.

"மூன்றாம் வகுப்புக்கு,
நீங்கள் அளந்தது சரி. நான் எழுதிய 12:00 தப்பு. நான் அளக்கவே இல்லை. வக்கீல் சொன்னது உண்மை. உங்களால் ஆகாது என்று எழுதியதும் தப்பு, அதுதான் பெரிய தப்பு. நேற்று நான் அளந்தேன். என் ஊரில் 12:09. உங்கள் ஊரில் எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்குத் தெரியாது.
தப்பு மாமா"

கடைசியாக ஒன்று. நடு மதியத்தில் நிழல் மெதுவாக மாறும் என்று நான் சொன்னது மட்டும் நிஜம். அதற்கு ஒரு வழி இருக்கிறது, நேற்று அப்படித்தான் செய்தேன். குச்சியை நடுவில் வைத்து, காலையில் இருக்கும் நிழலைவிடக் கொஞ்சம் குட்டையாகக் கயிறு பிடித்து வட்டம் போடு. காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் நேரம் ஒன்று, அப்புறம் உள்ளே போய்விடும். பிறகு வளர்ந்து மறுபடி வட்டத்தைத் தொடும் நேரம் இன்னொன்று. இரண்டுக்கும் நட்ட நடு நேரம்தான் நிழல் மிகக் குட்டையான நேரம். எனக்கு 11:02, 1:16. நடுவைக் கண்டுபிடிக்கிற கணக்கு உன் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்று எழுத வந்தேன். எழுதவில்லை. நீ பார்த்துக்கொள்.

தம்பி

*

ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

உன் சின்னக் கடிதத்தைப் படித்த அன்று வகுப்பில் ஒரு சத்தம் எழுந்தது பார், பக்கத்து அறை டீச்சர் ஓடி வந்துவிட்டார். குட்டி வக்கீல் மட்டும் கத்தவில்லை. "மாமா மூக்கு உரிஞ்சது நெஜமா டீச்சர்?" என்று கேட்டாள். உன் பெரிய கடிதத்தையும் நான் கொஞ்சம் படித்துக் காட்டியிருந்தேன். நிஜம்தான் என்றேன். "அப்ப சரி" என்று உட்கார்ந்துகொண்டாள்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இடையில் ஒன்றும் கேட்க முடியாது உன்னால், பொறுமையாகப் படி.

எச்.எம். பதினொரு மணிக்கு நாற்காலி போட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கையில் நோட்டு. மைதானத்தில் வட்டம் தயாராக இருந்தது. 11:15க்கு நிழல் நுனி வட்டத்தைத் தொட்டது. நான்கு பேர் ஒரே குரலில் "தொட்டாச்சு!" என்றார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நிழல் அதுபாட்டுக்குச் சுருங்கியது. எச்.எம். கொட்டாவி விட்டதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

12:10க்கு மேகம்.

நிழலே இல்லை. தரை முழுக்க ஒரே சாம்பல் நிறம். எச்.எம். நோட்டை மூடி, "அவ்ளோதானா? முக்கியமான நேரத்துல போச்சே" என்று எழுந்தார். அவர் சொன்னதில் பரிகாசம்கூட இல்லை, நிஜமாகவே பாவம் பார்த்துத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது.

கொத்தனார் மகள் அவர் முன்னால் போய் நின்றுகொண்டாள். "மேடம், போகாதீங்க. நடுவுல நெழல் வேணாம். ரெண்டு ஓரம் போதும். ஒரு ஓரம் கிடைச்சாச்சு." எச்.எம்.முக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. நான் நிழல் குட்டையாவதைப் பார்க்கவே காத்திருந்தேன். பிள்ளைகள் அதைப் பார்க்கத் தேவையே இல்லை என்று எனக்கு முன்னால் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

12:30க்குச் சாப்பாட்டு மணி அடித்தது. ஒருத்தரும் நகரவில்லை. எச்.எம். "போய்ச் சாப்பிடுங்க" என்று அதட்டினார். "வெயில் வந்துட்டா?" என்றான் ஒருத்தன். கடைசியில் வட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். எச்.எம்.மும் வேறு வழியில்லாமல் டப்பாவைத் திறந்தார். ஒரு மணிக்கு மேகம் விலகியது. நுனி வட்டத்துக்குள்ளேதான் இருந்தது. முப்பத்தொரு வாய் மெல்லுவதை நிறுத்தியது. 1:26க்குத் தொட்டது.

நடு நேரத்துக்கு அவர்கள் கணக்குப் போடவில்லை. நீளமான காகித நாடா ஒன்றில் நிமிஷத்துக்கு ஒரு கோடாகப் போட்டு வைத்திருந்தோம். 11:15 கோட்டையும் 1:26 கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மடித்தார்கள். மடிப்பு 12:20க்கும் 12:21க்கும் நடுவில் விழுந்தது. எச்.எம். நாடாவை வாங்கி, தானே ஒரு தடவை மடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார், "அப்ப இன்ஜினியர் அளந்த 12:09 தப்பா?"

நான் வாயைத் திறக்கவில்லை. இதை நீ நம்ப மாட்டாய்.

குட்டி வக்கீல் சொன்னாள்: "இல்ல மேடம். அவர் ஊருக்கு அது சரி, நம்ம ஊருக்கு இது சரி. வெயில் மொதல்ல அவர்கிட்ட போயிட்டு, அப்புறம் நம்மகிட்ட வருது. நீங்க வீட்லேர்ந்து பள்ளிக்கூடம் வர்ற வழியில மொதல்ல பால் பூத்து, அப்புறம்தான் பள்ளிக்கூடம் வரும்ல, அந்த மாதிரி."

எச்.எம். தினமும் பால் பூத்தில் நின்று பத்து நிமிஷம் பேசிவிட்டு வருவது ஊருக்கே தெரியும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பீரியட் இருக்கிறது. இந்த வருஷம் முழுக்க. கையெழுத்தும் வேண்டுமாம், அதனால் அளந்ததையெல்லாம் அழகாக எழுத வேண்டும் என்று நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான். உன் கையெழுத்தைப் பார்த்ததனால் சொல்லியிருப்பார். நான்காம் வகுப்பு டீச்சர் சாயங்காலம் வந்து, "அந்தக் குச்சியைக் கொஞ்சம் குடேன்" என்று வாங்கிப் போயிருக்கிறார்.

இன்று காலை ஒரு கேள்வி வந்திருக்கிறது. நுனியில் புள்ளி வைக்கும்போது பின் பெஞ்சில் இருக்கிற அந்த ஏழாம் வாய்ப்பாட்டுக்காரன் கேட்டான்: "நிழலோட நுனி ஏன் டீச்சர் கலங்கலா இருக்கு? குச்சிக்குப் பக்கத்துல பளிச்சுன்னு இருக்கு, தூரத்துல போனா மங்குது." நான் யோசித்ததே இல்லை. தெரியாது என்று சொன்னேன். சொல்வது இப்போது சுலபமாகிவிட்டது.

உனக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து பதிலை எழுதாதே. என்னென்ன சாமான் வேண்டும் என்று மட்டும் எழுது.

அடுத்த லீவு எப்போது? வா. அத்தான் உனக்காக என்னென்னமோ திட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

அக்கா

*

ஆகஸ்ட் 26

அக்கா,

வேண்டிய சாமான்கள்:

பென்சில், ஒன்று.
வெள்ளைத் தாள், ஒன்று.
வெயில்.

பென்சிலை முதலில் தாளுக்கு ஒட்டினாற்போல் பிடிக்கச் சொல். பிறகு மெதுவாக உயர்த்தச் சொல். உயர்த்த உயர்த்த நிழலின் ஓரத்தைப் பார்க்கச் சொல். அவ்வளவுதான்.

இதற்குக் கீழே பதிலை ஒரு பக்கம் எழுதியிருந்தேன், படத்தோடு. மிக நல்ல படம். தாளை அந்த இடத்தோடு கிழித்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம் பாதியாக வருகிறது. அந்தப் பாதி என் சட்டைப்பையில் இருக்கிறது. அவன் கண்டுபிடித்த பிறகு ஒரு வரி போடு, ஒத்துப்பார்க்க வேண்டும்.

சீக்கிரம் போடு, அக்கா. எனக்குக் கை அரிக்கிறது.

தம்பி